சாட்சி ஒன்று, அது காட்டிய ஆட்களோ இருவர்!



புதுவையில் வாழும் நடுத்தரக் குடும்பத்தினருக்கு நோய் என்று ஒன்று வந்துவிட்டால், கால்கள் தாமாகவே கோரிமேட்டை நோக்கி நடக்கும். முல்லா வீதியில் குடியிருப்பவரானாலும் சரி, சுல்தான்பேட்டையிலிருந்து பேருந்து ஏறுபவரானாலும் சரி, ஜிப்மர் மருத்துவமனையின் வரிசையில் ஒருமுறையேனும் நின்றிராதவர் அரியர். 1823ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் இவ்வூரில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த நிறுவனம் அது. 1964ஆம் ஆண்டில் ஜிப்மர் என்னும் பெயரைப் பெற்றது. அங்கே இரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பெறும் சிறு தாளில் 'பாசிட்டிவ்' என்றோ 'நெகட்டிவ்' என்றோ ஒரு சொல் இருக்கும். அந்த ஒரு சொல்லைக் கண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட வீடுகளும் உண்டு. இடிந்துபோய் உட்கார்ந்த வீடுகளும் உண்டு.

அச்சொல்லைத் தாளில் எழுதுவது மனிதரின் கை. ஆனால் பல பரிசோதனைகளில் அதைச் சொல்வது, கண்ணுக்குத் தெரியாத, நாவில்லாத ஒரு சாட்சி. 'ஆன்டிபாடி' என்று மருத்துவர்கள் அதனை அழைப்பர். தமிழில் எதிர்ப்பொருள் என்பர். அந்தச் சாட்சி எவ்வாறு உருவாக்கப்படுகிறது? அதன் வாக்கை எந்த அளவுக்கு ஏற்கலாம்? இவ்வினாக்களுக்கு விடை தரும் உண்மை வரலாறு ஒன்று உண்டு. தொழுநோய்க் கிருமியை அடையாளம் காட்டுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஓர் எதிர்ப்பொருள், உங்கள் உடலிலும் என் உடலிலும் அன்றாடம் உழைத்துக்கொண்டிருக்கும் ஒரு புரதத்தைச் சுட்டிக்காட்டிய வரலாறு அது.

மூக்கைக் கண்டு ஆளைச் சொல்லும் பெரியம்மா

உடலுக்குள் அந்நியப் பொருள் ஒன்று நுழைந்துவிட்டால், வெள்ளணுக்களில் ஒரு வகையினர் அதனைப் பற்றிப் பிடிக்கக்கூடிய புரதங்களை உருவாக்குகின்றனர். கவட்டைக் கழி போன்ற வடிவமுடைய அப்புரதங்களே எதிர்ப்பொருள்கள். கவட்டையின் இரு முனைகளும் அந்நியப் பொருளின் மேல் ஓரிடத்தில் சாவியும் பூட்டும் போலப் பொருந்திக்கொள்கின்றன.

இங்கே ஒரு நுட்பத்தை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். எதிர்ப்பொருள் கிருமியை முழுமையாகப் பார்ப்பதில்லை. கிருமியின் ஒரு புரதத்தைக்கூட முழுமையாகப் பார்ப்பதில்லை. அப்புரதத்தின் ஒரு சிறு மூலையை மட்டுமே அது அறியும். நம் வீடுகளில் திருமண விருந்துக்கு வரும் பெரியம்மாக்களை நினைத்துப் பாருங்கள். முன்பின் பார்த்திராத ஒரு சிறுவனின் மூக்கைப் பார்த்த மாத்திரத்தில், "இவன் இன்னாருடைய பேரன்தானே!" என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதே மூக்கு சின்ன வீட்டுப் பேரனுக்கும் வாய்த்திருந்தால்? பெரியம்மா மூக்கைச் சரியாகத்தான் கண்டார், ஆள்தான் வேறு.

உடல் இயல்பாக உருவாக்கும் எதிர்ப்பொருள்கள் ஒரே கிருமிக்கு எதிராகப் பலவகைப்பட்டனவாகக் கலந்திருக்கும். அவற்றிலிருந்து ஒரே வகையை மட்டும் பிரித்தெடுத்து, வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளும் வழியை 1975ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலர், சீசர் மில்ஸ்டீன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். எலிக்கு ஊசி மூலம் அந்நியப் பொருளைச் செலுத்தி, அதன் மண்ணீரலிலிருந்து எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரணுக்களை எடுத்து, ஓயாமல் பெருகும் புற்றணுக்களோடு ஒட்டுச் சேர்ப்பதே அவ்வழி. ஒட்டு மாமரத்தில் ஒரு மரத்தின் வலிமையும் மற்றொன்றின் சுவையும் சேர்வது போல, இந்த ஒட்டு உயிரணு ஒருபுறம் சாகாமல் பெருகுகிறது. மறுபுறம் ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. இவ்வகையை 'மோனோகுளோனல்' எதிர்ப்பொருள் என்பர். 1984ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இவ்விருவருக்கும் பங்கு கிடைத்தது.

வளர்க்க முடியாத கிருமி

நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியை 1873ஆம் ஆண்டிலேயே கண்டுவிட்டார். எனினும் அதனைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துக் காட்ட இன்றுவரை எவராலும் இயலவில்லை. 1960ஆம் ஆண்டில் எலியின் பாதத்திலும், 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாழும் ஆர்மடில்லோ என்னும் கவசத்தோல் பிராணியின் உடலிலும் அக்கிருமி வளரும் என்று கண்டனர். கிடைப்பதோ சிறிதளவு, அதைக் கொண்டு ஆராய வேண்டியதோ மிகுதி. ஆகவே, ஒரு துளிப் பொருளிலும் குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கவல்ல மோனோகுளோனல் எதிர்ப்பொருள்கள் தொழுநோய் ஆய்வாளர்களுக்குப் பெருந்துணையாயின.

லண்டனில் யுராய் இவானி என்பாரின் தலைமையில் இயங்கிய குழு, இத்தகைய எதிர்ப்பொருள்களைப் பற்றி 1983ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டது. அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சின்ஹா, செங்குப்தா என்னும் இந்தியப் பெயர்களும் காணப்படுகின்றன. இவானி குழுவினரின் எதிர்ப்பொருள்களுள் ஒன்று எம்.எல்.30 எனப் பெயர் பெற்றது. நம் கதாநாயகன் அதுவே. தொழுநோய்க் கிருமியிலுள்ள, 65 கிலோ டால்டன் எடையுள்ள ஒரு புரதத்தை அது பற்றியது. (டால்டன் என்பது மூலக்கூறுகளை நிறுக்கும் அலகு, நம் கடைத்தெருத் தராசுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

தொழுநோயாளிகளின் உடல் இந்தப் புரதத்தை எதிர்த்துக் கடுமையாகச் செயல்படுவதைக் கண்ட ஆய்வாளர்கள், இது கிருமிக்கே உரிய தனிச்சொத்து என்று முதலில் எண்ணியதில் வியப்பில்லை. 1988ஆம் ஆண்டில் வந்த முடிவுதான் வியப்பூட்டியது. டக்ளஸ் யங், ராஜு லத்திகிரா முதலானோர் அவ்வாண்டு வெளியிட்ட கட்டுரை, இது ஒரு 'நெருக்கடிப் புரதம்' என்று அறிவித்தது. தொழுநோய்க் கிருமியில் மட்டுமன்றி, காசநோய்க் கிருமியிலும், நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியாவிலும் அதன் உறவினர்கள் இருந்தனர்.

தேக்சாவும் மூடியும்

நெருக்கடிப் புரதம் என்றால் யாது?

புரதம் என்பது மணிமாலை போன்ற நீண்ட சங்கிலி. அச்சங்கிலி தனக்கே உரிய வகையில் மடிந்து உருக்கொண்டால்தான் அது வேலை செய்யும். வெப்பம் மிகுந்தால் மடிப்புக் குலைந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முட்டையை வேகவைக்கும் தாய்மார்கள் நாள்தோறும் காணும் காட்சி இது: தெளிந்த நீர்போல் இருந்த வெண்கரு கெட்டியாகி வெளுத்துவிடுகிறதல்லவா? அதன் புரதங்கள் மடிப்புக் குலைந்து சிக்கிக்கொண்டதன் விளைவே அந்த வெண்மை.

உயிரணுவுக்குள் இவ்விபத்து நேராமல் காப்பதற்கென்று தனிப் புரதங்கள் இருக்கின்றன. 1962ஆம் ஆண்டில் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா, பழ ஈக்களின் உயிரணுக்கள் வழக்கத்திற்கு மேற்பட்ட வெப்பத்துக்கு ஆளானபோது, அவற்றின் மரபிழையில் சில இடங்கள் புதிதாகப் புடைத்தெழுவதைக் கண்டார். அவ்விடங்களிலிருந்து உருவாகும் புரதங்கள் இன்னவை என்று 1974ஆம் ஆண்டில் டிஸ்ஸியேர் என்பாரும் அவர்தம் குழுவினரும் காட்டினர். வெப்பத்தால் வெளிப்பட்டமையால் 'வெப்ப அதிர்ச்சிப் புரதம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஆயினும் வெப்பம் மட்டுமே காரணமன்று. நச்சு, பிராணவாயுக் குறைவு போன்ற வேறு பல நெருக்கடிகளிலும் இவை பெருகும். நெருக்கடி இல்லாத நாளிலும் இவற்றுக்கு ஓய்வில்லை.

இவற்றுள் 60 கிலோ டால்டன் எடையுள்ள வகையை எச்.எஸ்.பி.60 என்பர். இதன் அமைப்பு நம் வீட்டுப் பெண்களுக்கு எளிதில் விளங்கும். ஏழு புரதங்கள் வட்டமாகக் கூடி, உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பாத்திரமாகின்றன. அதன்மேல் மூடி போல மற்றொரு சிறு புரதக்கூட்டம் வந்து அமர்கிறது. பிரியாணித் தேக்சாவை மூடித் தம் போடுவது போலத்தான்! மடிப்புப் பெறாத சங்கிலி உள்ளே செல்கிறது, மூடி அடைபடுகிறது, பிற சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ளாமல், அத்தனிமையில் சில நொடிகளுக்குள் தன் உருவைப் பெற முயல்கிறது, மூடி திறக்கிறது, சங்கிலி வெளியேறுகிறது. சரியாக மடியவில்லையென்றால் மறுபடியும் உள்ளே போக வேண்டியதுதான். நம் தேக்சாவுக்குத் தீ வேண்டும். இந்தத் தேக்சாவுக்கு உயிரணுவின் எரிபொருளாகிய ஏ.டி.பி. வேண்டும்.

நம் உடலிலும் அதே மூக்கு

இனி, கதையின் திருப்பத்துக்கு வருவோம். கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராதே குப்தா என்னும் இந்திய விஞ்ஞானி, தொழுநோயோடு சிறிதும் தொடர்பில்லாத வேறொரு வேலையில் ஈடுபட்டிருந்தார். போடோபில்லம் என்னும் செடியினத்தின் வேரிலிருந்து கிடைக்கும் ஒரு நச்சுப் பொருளுக்குச் சில வெள்ளெலி உயிரணுக்கள் மட்டும் ஈடுகொடுத்து வாழ்வது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். அவ்வுயிரணுக்களில் ஒரு புரதம் மாறுபட்டிருந்தது. அதற்கு பி-1 என்று பெயரிட்டார். அது மைட்டோகாண்டிரியாவில் குடியிருக்கும் புரதம்.

மைட்டோகாண்டிரியா என்பது நம் உயிரணுவின் அடுப்பு. நாம் உண்ணும் உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுப்பது அங்கேதான். அதற்கெனத் தனியே சிறிதளவு மரபுப்பொருளும் உண்டு. அதைத் தாயிடமிருந்தே நாம் பெறுகிறோம். ஆனால் அம்மரபுப்பொருள் 13 புரதங்களுக்கு மட்டுமே குறிப்பு வைத்திருக்கிறது. எஞ்சிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வெளியே உருவாகி, மடிப்புக் குலைந்த நிலையில் நூல் போல உள்ளே நுழைகின்றன. உள்ளே வந்தவற்றுள் பலவற்றுக்கு மீண்டும் உருக்கொடுக்க ஒரு தேக்சா தேவையல்லவா?

1989ஆம் ஆண்டில் மனிதரின் பி-1 புரதத்தினுடைய முழு வரிசையைக் குப்தாவின் குழு வெளியிட்டது. அதனைத் தொழுநோய், காசநோய்க் கிருமிகளின் 65 கிலோ டால்டன் புரதத்தோடு ஒப்பிட்டபோது, மணிக்கு மணி ஒத்திருந்த இடங்கள் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருந்தன! அதே ஆண்டில் ஹார்ட்டில், ஹார்விச் முதலானோர் ஈஸ்ட் என்னும் பூஞ்சையில் ஆராய்ந்து, இப்புரதம் பழுதுபட்டால் மைட்டோகாண்டிரியாவுக்குள் வந்து சேரும் புரதங்கள் உருப்பெறாமல் கிடக்கின்றன என்று மெய்ப்பித்தனர்.

தொழுநோய்க் கிருமிக்கும் நமக்கும் இத்தகைய ஒற்றுமை ஏன்? தொன்மைக் காலத்தில் தனித்து வாழ்ந்த ஒரு பாக்டீரியாவே பின்னர் வேறோர் உயிரணுவுக்குள் குடியேறி மைட்டோகாண்டிரியா ஆயிற்று என்பது இன்று அறிவியலார் ஏற்றுக்கொண்டுள்ள விளக்கம். குடிபெயர்ந்தாலும் சமையற் பாத்திரத்தை அது மாற்றிக்கொள்ளவில்லை.

எம்.எல்.30 பற்றிய மூலை, அந்த ஒத்த பகுதிகளுள் ஒன்றாக அமைந்துவிட்டது. 1990ஆம் ஆண்டில் இவானியும் அவருடைய தோழர்களும் மனிதத் திசுக்களின் மெல்லிய சீவல்களில் இந்த மனித உறவினரைத் தேடி, அது எங்கெங்கே காணப்படுகிறது என்று வெளியிட்டனர். கிருமியின் மூக்கைத் தேடப் பயிற்சி பெற்ற சாட்சி, நம் அடுப்பங்கரையில் அதே மூக்கைக் கண்டுபிடித்துவிட்டது. இன்றும் ஆய்வுக்கூடங்களுக்கான விற்பனைப் பட்டியல்களில் எம்.எல்.30, மைட்டோகாண்டிரியாவின் நெருக்கடிப் புரதத்தைக் கண்டறியும் எதிர்ப்பொருளாகவே இடம்பெற்றுள்ளது.

"கிருமியை எதிர்த்து நம் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களே நம்மைத் தாக்கிவிடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மூட்டுவாதம் போன்ற நோய்களில் இவ்வொற்றுமைக்குப் பங்கு உண்டா என்று பல ஆண்டுகளாக ஆய்வாளர் விவாதித்து வருகின்றனர். பொதுவாக, நலமுள்ள உயிரணுவின் இரண்டு மூன்று சுவர்களுக்கு உள்ளே இப்புரதம் இருப்பதால், இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளுக்கு அது எட்டாது. ஆய்வுக்கூடத்தில் திசுவைச் சீவி, சுவர்களைத் திறந்துவிட்டு எதிர்ப்பொருளை இடுவதால்தான் அங்கே எட்டுகிறது.

சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல்

மைட்டோகாண்டிரியாவின் நெருக்கடிப் புரதத்தைக் கண்டறிவதால் என்ன பயன்? உயிரணுவில் மைட்டோகாண்டிரியா எங்கெங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கியில் காட்ட அது ஓர் அடையாள விளக்கு. மைட்டோகாண்டிரியா துன்பத்தில் இருக்கிறதா என்பதற்கும் அது குறிப்புத் தரும். அதற்குள் பழுதுபட்ட புரதம் குவிந்தால், உயிரணு எச்.எஸ்.பி.60-ஐயும் அதன் மூடியையும் கூடுதலாக உருவாக்குகிறது என்று ஆஸ்திரேலியாவில் ஹூகன்ராட் குழு 2002ஆம் ஆண்டில் காட்டியது. இப்புரதத்தின் சங்கிலியில் ஒரே ஒரு மணி மாறியதால் கால்கள் விறைத்துப்போகும் பரம்பரை நோய் ஒன்று அதே ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் கண்டறியப்பட்டது. 2008ஆம் ஆண்டில் பெதூயின் அரபு மரபினர் ஒரு குடும்பத்தில் வேறொரு மணி மாறியிருந்தது. குழந்தைகளின் மூளை நரம்புகளுக்கு உறை சரியாக உருவாகவில்லை. அங்கே தாயும் தந்தையும் நலமாக இருந்தவர்களே. இருவரும் நெருங்கிய உறவினராகி, இருவரிடமும் அதே பழுது மறைந்திருந்தால் குழந்தைக்கு நோய் வெளிப்படக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் என்று சமய வேறுபாடின்றி மணம் பேசும் நம் தமிழ்நாட்டில், குடும்பத்தில் இத்தகைய நரம்பு நோய்கள் இருக்குமாயின், திருமணத்துக்கு முன்னர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நலம்.

இவையெல்லாம் நம்பத்தக்க முடிவுகளாக வேண்டுமானால், சாட்சி நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். உலகச் சந்தையில் விற்கப்படும் ஆய்வுக்கூட எதிர்ப்பொருள்கள் பல லட்சம். அவை அனைத்தும் தம் மேலுறையில் எழுதியுள்ளதைத்தான் பற்றுகின்றனவா? இல்லை என்பதே கசப்பான உண்மை. தரமற்ற எதிர்ப்பொருள்களால் பெரும் பணம் வீணாகிறது என்று 2015ஆம் ஆண்டில் நூற்றுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூட்டாகக் குரல் எழுப்பினர். 2023ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, 65 புரதங்களுக்கென விற்கப்படும் 614 எதிர்ப்பொருள்களை வரிசையாகச் சோதித்தது. சோதனையில் தேறாத எதிர்ப்பொருள்களை நம்பி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாகப் பன்னிரண்டு இருந்தன!

குறுக்கு விசாரணை செய்யும் முறை கடினமானதன்று. உயிரணுவின் புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பரப்பி, எதிர்ப்பொருளை இட வேண்டும். 60 கிலோ டால்டன் இடத்தில் மட்டும் கோடு விழ வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் மைட்டோகாண்டிரியா இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் தோன்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தேடப்படும் புரதத்தை நீக்கிய அல்லது மிகக் குறைத்த உயிரணுவில் அது வாய்மூடி இருக்க வேண்டும். ஆளே இல்லாத வீட்டைக் காட்டி, "இதோ இருக்கிறார்" என்று சொல்லும் சாட்சியை எந்த நீதிபதி ஏற்பார்?

வீட்டுக்கு வந்து சேரும் செய்தி

இனி, தொழுநோய்க்குத் திரும்புவோம். இக்கதைக்கும் நம் மண்ணுக்கும் ஒரு பிணைப்பு உண்டு. 2001ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சாங்கர் மையமும் தொழுநோய்க் கிருமியின் மரபுக்குறிப்பை முழுமையாக வாசித்து வெளியிட்டன. சுமார் 32.7 லட்சம் எழுத்துகள். வாசிக்கப்பட்ட அக்கிருமியின் பெயர் 'டி.என்.', தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து வந்தமையால் அப்பெயர். அதன் மரபுக்குறிப்பில் பாதிக்கும் குறைவான பகுதியே இன்று வேலை செய்கிறது. எஞ்சியது பாழடைந்த வீடு போலக் கிடக்கிறது. அத்தனையையும் இழந்த அக்கிருமி, தன் தேக்சாவை மட்டும் இழக்கவில்லை.

"அப்படியானால் இரத்தத்தைச் சோதித்தே தொழுநோயைக் கண்டுவிடலாமே?" என்பர் சிலர். அது கைகூடவில்லை. 65 கிலோ டால்டன் புரதம் பல கிருமிகளிடத்தும் பொதுவாகிவிட்டது, காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியிலும் அது இருக்கிறது. கிருமிக்கே உரிய ஒரு கொழுப்புப் பொருளைக் கொண்டு செய்யப்படும் சோதனையும், ஓரிரு தேமல் மட்டுமே உள்ள நோயாளிகளுள் பலரைத் தவறவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலும், நோயாளியின் உடலை நேரில் பார்த்துச் சோதிப்பதையே அடிப்படையாகக் கொண்டுள்ளது. தேவைப்பட்டால் தோலிலிருந்து சிறிது எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பர்.

எனவே, இரத்தப் பரிசோதனைத் தாளில் 'நெகட்டிவ்' என்று வந்துவிட்டது என்பதற்காகத் தேமலை மறந்துவிட வேண்டாம். நிறம் வெளுத்தோ சிவந்தோ, தொட்டால் உணர்ச்சியில்லாத தேமல் எவருக்கேனும் இருந்தால், கை கால்களில் மரமரப்பு இருந்தால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மருத்துவமனையின் தோல் பிரிவிலோ உடனே காட்டுங்கள். கிருமி புகுந்து பல ஆண்டுகள் கழித்தே நோய் தோன்றக்கூடும், ஆகையால் "எங்கிருந்து வந்தது, யாரிடமிருந்து வந்தது?" என்று உறவினர்களுக்குள் பழி தேடுவது வீண். கூட்டு மருந்து அரசால் இலவசமாக அளிக்கப்படுகிறது. நோயின் அளவைப் பொறுத்து 6 அல்லது 12 மாதங்கள் உண்ண வேண்டும். மருந்து தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குத் தொற்றும் நிலை நீங்கிவிடும். மருந்து எளிது, மறைப்பதால் வரும் தாமதமே விரல்களைப் பறிக்கிறது. நோய் ஒழிந்துவிட்டது என்று எண்ணுவோருக்கு ஒரு செய்தி: 2023ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்ட நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

சட்டமும் இவ்வளவு காலம் கழித்து விழித்துக்கொண்டது. கணவனுக்குத் தொழுநோய் இருந்தால் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் சொல்லியிருந்தது. கிறிஸ்தவர்களுக்கும் இந்துக்களுக்கும் உரிய சட்டங்களிலும் இத்தகைய வாசகம் இருந்தது. குணமாகும் நோய் ஒன்று குடும்பத்தைப் பிரிக்கும் காரணமாக இருக்கலாகாது என்று, 2019ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டத்தின் வழியே அச்சொல் அந்தச் சட்டங்கள் அனைத்திலிருந்தும் நீக்கப்பட்டது.